கூலி கேட்கத் தெரிந்த கவிதை

திருப்பூரில் புகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. புஷ்பா தியேட்டர் நிறுத்தத்தில் இறங்கி ரயில் நிலையம் வரை நடந்து பாருங்கள். யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள், யாரோ ஒருவர் சங்கச் செயலாளர் ஆகியிருப்பார், யாரோ ஒருவர் வீட்டில் காதுகுத்து. கொங்கின் சிங்கமே, ஏழைகளின் விடிவெள்ளியே என்று ஃபிளெக்ஸ் பேனர் காற்றில் படபடக்கும். கீழே வரிசையாக, பாஸ்போர்ட் படங்களில், பணம் போட்டவர்களின் முகங்கள். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இடிக்கும். புகழ்கிறவன் கைக்காசைப் போட்டுப் புகழ்கிறான்; புகழப்படுகிறவர் பைசா தருவதில்லை. காலமெல்லாம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன் நான். பற்றும் வரவும் இடம் மாறி நின்றால் எனக்குப் பொறுக்காது.

கணக்கு போக எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. வாழ்த்து மடல் எழுதித் தருவேன். கல்யாணம், மணிவிழா, புதுக் கம்பெனித் திறப்பு, பணி ஓய்வு எதுவானாலும் ஆள் வரும். பெயர், அப்பா பெயர், ஊர், குலம், தொழில் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அறுசீர் விருத்தத்தில் நாலு பாட்டு எழுதி, வழவழத் தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டபத்து மேடையில் வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். செலவு மாப்பிள்ளையின் நண்பர்களுடையது. பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ எனக்கு ஒரு துண்டு போர்த்துவார்கள். ஏற்றுமதி ஊரில் அந்தத் துண்டு எங்கே நெய்ததென்று தொட்டதும் தெரிந்துவிடும். அதைச் சொல்ல வேண்டாம்.

இலக்கியம் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு நான் இதைச் செய்வது பிடிப்பதில்லை. ‘ஆளைப் பார்த்துப் புகழ்வது கவிதையாங்க?’ என்பார்கள். புகழ்ந்து பாடியதெல்லாம் கைகட்டி நின்ற காலத்துச் சரக்கு, சுயமரியாதை உள்ளவன் எழுத மாட்டான் என்பது இன்று பள்ளிக்கூடம் முதல் பத்திரிகை வரை ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. எனக்கு அது ஒப்பவில்லை. புகழ்ச்சியை நாம் வைத்துக்கொண்டோம். அதோடு ஒட்டிப் பிறந்த ‘கேட்பதை’ வெட்டி எறிந்துவிட்டோம். கோளாறு அங்கேதான். பழைய பாரசீகப் புகழ்ப் பாட்டுகளான கஸீதாக்களைப் படித்த பிறகு இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கஸீதாவை எனக்குக் காட்டியவர் காதர்பேட்டையில் லேபிள் கடை வைத்திருக்கும் ஒரு வாணியம்பாடிக்காரர். உருது தாய்மொழி, பாரசீகம் அவர் தாத்தாவிடம் படித்தது. மடலுக்கு அட்டை வாங்கப் போன இடத்தில் என் விருத்தத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘ஐயா, எங்க பெரியவங்க இதைக் கஸீதாம்பாங்க. இதுக்கு ராஜாக்கள் குதிரை கொடுத்திருக்காங்க. உங்களுக்குத் துண்டுதான் வருதா?’ என்றார். பிறகு எட்வர்ட் பிரவுன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் மொழிபெயர்த்த ஒரு பழைய நூலின் நகலைக் கொடுத்தார். சமர்கந்துக்காரரான நிஜாமி அரூஸி 12ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ‘சஹார் மகாலா’. அரசனுக்கு எழுத்தர், கவிஞர், சோதிடர், மருத்துவர் என நால்வர் ஏன் வேண்டும் என்று சொல்லும் நூல். கவிஞர் பகுதியில் ஃபர்ருகியின் கதை இருக்கிறது. திருப்பூரில் பட்டுவாடா போட்டவன் எவனும் அந்தக் கதையைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

ஃபர்ருகி, இன்றைய ஈரான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தான் பகுதிக்காரர். ஒரு நிலக்கிழாரிடம் வேலை. ஆண்டுக் கூலி 200 படி தானியமும் 100 வெள்ளி திர்ஹமும். (படி என்றால் நம் படி இல்லை, அந்த ஊர் அளவு.) ஒண்டிக்கட்டைக்கு அது போதும். கல்யாணம் ஆனது, செலவு ஏறியது. முதலாளிக்கு மனு எழுதினார்: தானியம் 300 ஆகட்டும், காசு 150 ஆகட்டும். முதலாளி அந்த மனுவின் முதுகிலேயே பதில் எழுதி அனுப்பினார். இதுவரை கொடுப்பதைக் கொடுப்பேன், அதற்கு மேல் எனக்குச் சக்தி இல்லை என்று.

படித்தபோது சிரித்துவிட்டேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பதில் எனக்கு அத்தனை பழக்கமானது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பவர்டேபிள்காரர்களும் கட்டிங் மாஸ்டர்களும் ஆபீஸ் கதவோரம் வந்து நிற்பார்கள். உள்ளே போய் வெளியே வரும் பதில் இதுதான்.

ஃபர்ருகி அங்கேயே உட்கார்ந்து புலம்பவில்லை. போகிற வருகிறவர்களிடம், நல்ல கவிதைக்கு நல்ல விலை கொடுக்கும் ஆள் எங்கே என்று விசாரித்தார். இன்றைய உஸ்பெகிஸ்தானின் தெற்கில் உள்ள சகானியானில் அபுல் முஸஃபர் என்ற அமீர் இருப்பதாகச் சொன்னார்கள். கிளம்பினார். கையில் முதலீடு ஒரே ஒரு கஸீதா. அதில் தன் பாட்டையே ஒரு துணியாக வைத்திருந்தார். ஊரிலிருந்து துணி வணிகக் கூட்டத்தோடு தானும் ஒரு துணியைக் கொண்டு வருவதாகத் தொடங்கி, அதன் இழை எது, நெய்தது யார், எதனால் மங்காது என்று வரிக்கு வரி அடுக்கிக்கொண்டு போகிறார். நூல் ரகமும் நெசவும் பேசித் துணி விற்கிற ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பாட்டை விளக்க உரை இல்லாமலே பிடித்துக்கொள்ள முடிகிறது.

போய்ச் சேர்ந்தபோது அமீர் ஊரில் இல்லை. குதிரைக் குட்டிகளுக்குச் சூடுபோடும் முகாமில் இருந்தார். காரியஸ்தர் அஸத் மட்டும் இருந்தார், அவரே பாட்டறிந்தவர். பாட்டைக் கேட்டார், ஆளைப் பார்த்தார். முன்னும் பின்னும் கிழிந்த அங்கி, தலைக்கு மீறிய முண்டாசு, பார்க்கச் சகியாத செருப்பு. இந்தப் பாட்டு இந்த ஆளுடையதா? சோதித்துவிடலாம் என்று, சூடுபோடும் முகாமை வாயால் விவரித்தார்: பசும்புல் வெளி, வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் பாட்டும் மதுவும், நடுவே மலைபோல் தீ, சூட்டுக்கோலும் கயிறுமாக அமீர். நாளை உன்னை அங்கே அழைத்துப் போகிறேன், அதைப் பாடி ஒரு கஸீதா கொண்டு வா என்றார். ஃபர்ருகி அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒரே ராத்திரியில் எழுதி விடிகாலையில் நீட்டினார். அந்தக் கஸீதா இன்றும் பாரசீகத்தின் தலைசிறந்தவற்றில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அஸத் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு அவரை அழைத்துக்கொண்டு அமீரிடம் ஓடினார்.

பரிசு எப்படி அளந்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. ஆயிரம் குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, எத்தனை பிடிக்கிறாயோ அத்தனையும் உனக்கு என்றார் அமீர். நல்ல போதையில் இருந்த கவிஞர் முண்டாசை அவிழ்த்து வீசிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் முகாம் ஓரத்தில் ஒரு பாழடைந்த சத்திரத்துக்குள் குட்டிகள் சில புகுந்தன. அதன் வாசலிலேயே முண்டாசைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். எண்ணிப் பார்த்ததில் 42. அமீர் சிரித்தார், 42ஐயும் கொடுத்தார். மறுநாள் சேணம் பூட்டிய குதிரை, கூடாரம், ஒட்டகம், பணியாள், துணிமணி என்று வேறு பட்டியல். 50 திர்ஹம் கூடுதலாகக் கேட்டுக் கிடைக்காமல் ஊரைவிட்டவர் அவர்.

நிஜாமி இதை எழுதியது ஃபர்ருகி இறந்து நூறாண்டு கழித்து. கொஞ்சம் கைச்சரக்கு கலந்திருக்கலாம். கலந்திருந்தாலும் பாரசீகர்கள் தங்கள் பெரிய கவிஞனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதை கூலி உயர்வில் தொடங்குகிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. நம் தமிழ்ப் பாடநூலில் ஒரு கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு சம்பளத்தில் தொடங்குமா?

சரி, கஸீதா எப்படிக் கட்டப்படுகிறது? நீண்ட பாட்டு, பதினைந்து இருபது ஈரடிகளில் தொடங்கி நூறைத் தாண்டியும் போகும். முதல் ஈரடியில் இரண்டு வரியும் ஒரே ஓசையில் முடியும். அதன்பின் ஒவ்வொரு ஈரடியின் இரண்டாம் வரியும் கடைசிவரை அதே ஓசையில் முடிய வேண்டும். நமக்கு எதுகை வரியின் தலையில் வரும், அவர்களுக்கு வாலில். ஒரே இயைபை நூறு தடவை அலுக்காமல் கொண்டுவருவதற்குச் சொல் இருப்பு வேண்டும். எடுத்தவுடன் ராஜாவைப் புகழ்ந்துவிடக் கூடாது. முதலில் வசந்தம், தோட்டம், பிரிந்துபோன காதலி, இரவு, மது என்று வேறெதையாவது பாட வேண்டும். மனூசிஹ்ரி என்ற கவிஞர் இந்த முன்பகுதியில் மன்னன். இலையுதிர் காலத்தையும் திராட்சை அறுவடையையும் அவர் போலப் பாடியவர் இல்லை. எரியும் மெழுகுவர்த்தியை விடுகதையாக வைத்து அவர் தொடங்கிய ஒரு கஸீதா, அரசவையின் மூத்த கவிஞர் உன்சுரியின் புகழில் போய் முடிகிறது. கவிஞன் கவிஞனுக்குப் பாடியது.

தோட்டத்திலிருந்து ராஜாவுக்குத் தாவும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஈரடிக்குள் தாவிவிட வேண்டும், கேட்கிறவனுக்கு இடறக் கூடாது. செக்கிங் அம்மிணிகள் பனியனைக் கையில் எடுத்ததும் திருப்பித் தோள் இணைப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாரசீக ரசிகர்கள் கஸீதாவில் பார்த்தது இந்த இணைப்பை. அது பிசிறினால் மற்ற வேலைப்பாடெல்லாம் வீண். அதன்பின் புகழ்: நீதி, கொடை, வாள், குதிரை, பேனா. அதன்பின்தான் கேட்பது. அழகாகக் கேட்பதை ஒரு தனிக் கலையாகவே அணியிலக்கணத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். முடிவில் வாழ்த்து: இன்னது உள்ளவரை நீ வாழ்க என்று. ஆற்று மணலை எண்ணி வாழ்நாளை வாழ்த்திய புறநானூறு படித்தவர்களுக்கு இது பக்கத்து வீடு.

உண்மையில் மொத்தமுமே நமக்குப் பக்கத்து வீடுதான். பாடாண் திணை என்று தனித் திணையே வைத்தவர்கள் நாம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் போய் நின்றவனின் கந்தலை நினைத்துப் பாருங்கள்: ஈரும் பேனும், வேர்வையில் நனைந்து ஒட்டுப்போட்ட தையல். அரசன் அதை நீக்கிப் பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணியைக் கொடுக்கிறான், இழை போன வழியே கண்ணுக்குத் தெரியாத துணி. நொய்யல் கரையில் எங்களுக்குக் கிழக்கே இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் வேலைப்பாடுள்ள அருங்கலங்களுக்குப் பெயர்போன ஊராக வருகிறது. அந்த நூலில் கபிலர் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிப் பெற்றது நூறாயிரம் காணம், அதோடு நன்றா என்ற குன்றின் மேல் நின்று பார்த்தால் தெரிகிற நாடு முழுவதும். பதிகத்தில் ரசீதுபோல எழுதி வைத்திருக்கிறார்கள். 1919இல் பாரதி எட்டயபுரம் ராஜாவுக்கு எழுதிய சீட்டுக்கவியில் சால்வை, பணப்பை, பல்லக்கு என்று பட்டியல் போட்டுக் கேட்டார். கொடுக்காதது ராஜாவின் கஞ்சத்தனம். கேட்டது பாரதியின் மானத்துக்குக் குறைவு என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது.

பாட்டுக்குத் துணி கொடுக்கும் வழக்கம் கஸீதாவின் பிறந்தவீடான அரபியிலும் உண்டு. நபிகளின் முன் கஅப் இப்னு ஸுஹைர் பாடியபோது அவர் தம் மேலாடையையே எடுத்துப் போர்த்தினார். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பூஸீரி, பக்கவாதத்தில் கிடந்தபோது எழுதிய பாட்டுக்குக் கனவில் அதே போர்வை கிடைத்துக் குணமானார் என்பது நம்பிக்கை. அந்தப் பாட்டான ‘புர்தா’வைக் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்றும் ஓதுகிறார்கள். என் நண்பரின் லேபிள் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கேட்டேன்.

எனக்கு ஆகப் பிடித்த கதை பாரசீகக் கவிஞர் ரூதகியுடையது. சாமானித் வம்சத்து மன்னன் நஸ்ர் இப்னு அஹ்மத் தலைநகர் புகாராவை விட்டு ஹெராத்துக்குப் பக்கம் போனவன், தண்ணீரும் பழமும் பிடித்துப்போய் நாலு வருடம் அங்கேயே தங்கிவிட்டான். படைவீரர்களுக்கு ஊர் நினைப்பு, பெண்டாட்டி பிள்ளை நினைப்பு. மன்னனிடம் கேட்கத் தைரியமில்லை. படைத்தலைவர்கள் கூடி ரூதகியிடம் போய், மன்னனைக் கிளப்பிவிட்டால் 5,000 தினார் தருகிறோம் என்றார்கள். ரூதகி உபதேசம் எதுவும் செய்யவில்லை. காலையில் மன்னன் மது அருந்தும் நேரத்தில் யாழை எடுத்துப் புகாராவின் ஆற்றையும் அதன் மணத்தையும் பாடினார். மன்னன் எழுந்தான், காவல் நின்ற குதிரையில் ஏறினான், செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு ஆட்கள் இரண்டு காதம் பின்னால் ஓடினார்கள். பேசிய தொகையைப் போல் இரு மடங்கைப் படையினர் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், இங்கே கூலி கொடுத்தவன் மன்னன் இல்லை, வீட்டுக்குப் போக ஏங்கிய படைக்காரன். பாட்டு ஒரு கூட்டு மனு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து எங்கள் ஊர்க் கம்பெனிகளில் தைக்கிற பையன்கள் சத் பூஜைக்கும் ரஜ பண்டிகைக்கும் லீவு கேட்டு நிற்கும்போது, ஷிப்மெண்ட் தேதி சொல்லித் திருப்பி அனுப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு ரூதகி இல்லை. சூப்பர்வைசர்தான் இருக்கிறார்.

திருப்பூருக்குக் கேட்கவே தெரியாது என்று சொல்ல வரவில்லை. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்த நாட்களில் கேட்வாசலில் பாடிய பாட்டுகள் பழைய தோழர்கள் சிலர் தொண்டையில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டில் புகழ் கிடையாது, வசை உண்டு. மேடைப் பாட்டில் புகழ் உண்டு, கோரிக்கை கிடையாது. இரண்டையும் ஒரே நாவில் வைத்திருந்தவன்தான் கஸீதாக்காரன். முதலாளியை நீதிமான் என்று சபை நடுவே நூறு பேர் காதுபடப் பாடிவிட்டு, அடுத்த ஈரடியில் நீதியைக் கேட்டால் அவரால் எப்படி மறுக்க முடியும்? புகழை ஒரு கடன்பத்திரம்போல் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்ட வித்தை அது. 1153இல் கூஸ் பழங்குடிகள் குராசானைச் சூறையாடியபோது கவிஞர் அன்வரி எழுதிய கஸீதா முழுக்க இந்த வித்தைதான். சமர்கந்து கானைப் புகழ்ந்துகொண்டே, சீரழிந்த ஊர்களின் கண்ணீரை அவன் மடியில் கொட்டிக் காப்பாற்றச் சொல்கிறார். லாகூரில் பிறந்த மசூத் சஅத் சல்மான் வருடக்கணக்கில் மலைக்கோட்டைச் சிறைகளில் கிடந்து எழுதிய கஸீதாக்களும் சுல்தானுக்கான மனுக்களே. டெல்லியில் காலிப், ராணி விக்டோரியாவுக்கே ஒரு பாரசீகக் கஸீதா எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டு, பட்டமும் பொன்னாடையும் ஓய்வூதியமும் கேட்டார். ஓய்வூதியத்துக்கு அலைவதன் அருமை வருங்கால வைப்புநிதிக் காகிதங்களோடு நடந்தவர்களுக்குப் புரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் கணக்கு நேராகாது. இதே ஃபர்ருகி பிற்பாடு கஜினி மகமூதின் அவைக்குப் போய், சோமநாதபுரத்தை அவன் சூறையாடியதைக் கொண்டாடி நீண்ட கஸீதா பாடினார். அதன் கைத்திறனும் குறைவில்லை என்கிறார்கள் படித்தவர்கள். அதுதான் இன்னும் சங்கடம். எரிந்த ஊரைப் பார்த்துக் கை நடுங்காமல் ஓசை ஒழுங்கு பிசகாமல் பாட முடிந்திருக்கிறது. இதை மதக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. பகைவர் நாட்டுத் தெருவில் கழுதை பூட்டி உழுததைப் பாண்டியனுக்குப் பெருமையாகப் பாடிய புலவர் புறநானூற்றிலேயே இருக்கிறார். தோற்றவன் ஊரில் இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும்? புகழ்ச்சிக் கவிதைக்கு எதிராகச் சொல்லத்தக்க ஒரே வலுவான வாதம் இதுதான். கைகட்டி நின்றார்கள் என்பது அல்ல.

அந்த வாதத்துக்குப் பதிலும் அந்த மரபுக்குள்ளேயே கிடைக்கிறது. நாஸிர் குஸ்ரவ் மெர்வ் நகரில் நிதித்துறை எழுத்தர், என் ஜாதி. நாற்பது வயதை ஒட்டி ஒரு கனவு கண்டு வேலையை உதறிவிட்டு, 1046இல் கிளம்பி மெக்கா, ஜெருசலேம், கெய்ரோ என்று ஏழு ஆண்டு சுற்றினார். பிறகு இஸ்மாயிலிக் கொள்கைக்காகத் துரத்தப்பட்டு பதக்ஷானின் யும்கான் பள்ளத்தாக்கில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கிருந்து அவர் எழுதியதும் கஸீதாதான். அதே நீளம், அதே ஒற்றை இயைபு, அதே தொடக்கத்து வானமும் விடியலும். ஆனால் ராஜா வர வேண்டிய இடத்தில் அறிவு வருகிறது. ராஜாக்களைப் பாடிய கவிஞர்களுக்குக் கடுமையான திட்டு விழுகிறது. வடிவத்தை அவர் கைவிடவில்லை, விலாசத்தை மாற்றினார். நம் பக்கத்தில் பெருஞ்சித்திரனார் இருக்கிறார். தன்னை நேரில் பார்க்காமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்றவர். கொஞ்சமாகக் கொடுத்த இளவெளிமானின் காவல் மரத்தில் குமணன் தந்த யானையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தவர். கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் வேண்டாம் என்று சொல்லவும் தெரிகிறது.

இதெல்லாம் தமிழில் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. தமிழனுக்குத் தெரிந்த பாரசீகம் உமர் கய்யாம். அதுவும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகக் கவிமணி தந்தது. அருமையான தமிழ், ஆனால் இரண்டாம் கை. இப்போது ரூமி. எங்கள் ஊர் பிரிண்டிங் பட்டறைகளில் டி-ஷர்ட் நெஞ்சில் அவர் பெயரில் ஆங்கிலப் பொன்மொழி அடிக்கிறார்கள். ரூமி பெயரில் உலவும் எல்லாமே ரூமியுடையதல்ல என்பது தனிக்கதை. ஆக நமக்குப் பாரசீகக் கவிதை என்றால் மதுக்கிண்ணமும் காதல் தத்துவமும். கூலி, பசி, லீவு, சிறை, ஓய்வூதியம் எல்லாம் பேசிய பெருமரபு கண்ணில் படவே இல்லை.

நம்மிடம் ஆளோ இடமோ இல்லாமல் இல்லை. ஆற்காட்டு நவாபுகளின் அவைமொழி பாரசீகம். வேலூரின் பாகிர் ஆகா 18ஆம் நூற்றாண்டில் அரபி, பாரசீகம், தக்னி மூன்றிலும் எழுதியவர். கடைசி நவாப் குலாம் முகமது கவுஸ் கான் ‘ஆஸம்’ என்ற புனைபெயரில் தானே பாரசீகக் கவிஞர். சேப்பாக்கத்தில் கவியரங்கம் கூட்டி, கர்நாடகக் கவிஞர்களைப் பற்றிப் பாரசீகத்திலேயே நூல்கள் தொகுத்தவர். 1855இல் அவர் இறந்ததோடு அந்த அவை கலைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுக்கென்று துறை இருக்கிறது. முகமது உசைன் நயினார் போன்ற தமிழர் அங்கிருந்து நவாப் காலத்துப் பாரசீக வரலாற்று நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கிலத்தில் செய்ய முடிந்ததைத் தமிழில் செய்ய என்ன தடை? ஃபர்ருகியின் துணிப் பாட்டு, ரூதகி பல் விழுந்த முதுமையைப் பாடியது, மனூசிஹ்ரியின் திராட்சை, அன்வரியின் குராசான், ககானி இடிந்த மதாயின் அரண்மனை முன் நின்று பாடியது, நாஸிரின் யும்கான் பாட்டுகள் சில. முப்பது நாற்பது கஸீதாக்கள், மூலத்திலிருந்து நேராக, விருத்தம் தெரிந்த ஒருவரும் பாரசீகம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகிவிடும். எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவுக்கு நன்கொடை எழுதும் ஏற்றுமதியாளர்கள், அந்தத் தொகையில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் ஃபிளெக்ஸ் செலவில் பாதிகூட ஆகாது. அட்டையின் உள்பக்கத்தில் அவர்களைப் புகழ்ந்து ஒரு விருத்தம் போட நான் தயார். கூலி வேண்டும்.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். போன வருடம் ஒரு கம்பெனி ஆண்டுவிழாவுக்கு மடல் எழுதச் சொன்னார்கள். முதல் பாட்டில் நொய்யலில் தண்ணீர் ஓடிய காலம், இரண்டாவதில் அங்கிருந்து முதலாளியின் தாத்தா முதல் மிஷின் வாங்கிய கதைக்கு ஒரு தாவல், மூன்றாவதில் புகழ், நான்காவதில், இத்தனை பெரிய மனசுக்காரர் கம்பெனியில் பொம்பளைகள் மத்தியானச் சோற்றை வாசல் படியில் உட்கார்ந்தா சாப்பிடுவது என்று கேட்டு வாழ்த்தோடு முடித்தேன். மேடையில் வாசித்தபோது கீழே கைமடிப் பெண்கள் பக்கம் எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதலாளி சட்டத்தை வாங்கிக்கொண்டு, மைக்கை எட்டிப் பிடித்து, ‘ஷெட்டு போட்டுர்லாமுங்க’ என்றார். பொங்கலுக்குள் தகரக்கூரையும் நாலு பெஞ்சும் வந்துவிட்டன. மின்விசிறி வரவில்லை, அதை நான் பாட்டில் கேட்கவில்லை.

இந்த மாதம் இன்னொரு கம்பெனியின் வெள்ளிவிழா. 2025இல் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்து எல்லாரும் கையைச் சுருக்கிக்கொண்டிருக்கும் நேரம், மடலில் அதிகம் கேட்க முடியாது. டெய்லர்களிடமும் செக்கிங்கிலும் விசாரித்து நாலாம் பாட்டுக்கு ஒரே ஒரு கோரிக்கையாகக் குறைத்து வைத்திருக்கிறேன். முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், கடைசிப் பாட்டு உங்களுக்குச் செலவு வைக்கும் என்று. அவர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டார். ‘எவ்வளவு வரும்னு இப்பவே சொல்லிருங்க’ என்றார்.